பாதித் தட்டு

அத்தியாயம் பதினான்கு

இடுப்பில் தொடங்கிய வலி இரண்டு கால்களிலும் கம்பி போல இறங்கியது. பஸ்ஸில் இடம் இருந்தும் சங்கீதா உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையச் சரக்கு முனையத்தில் இரவெல்லாம் நின்றபடி வேலை. மீன் பெட்டி, மருந்துப் பெட்டி, பூப்பெட்டி, எது வந்தாலும் ஸ்கேனரை வைத்து ஒட்டுச்சீட்டைப் படிக்க வேண்டும். விடிகிற நேரத்தில் ஒரு கோப்பி குடித்தாள். அதற்கு மேல் வயிறு எதையும் கேட்கவில்லை. ஒரு வாரமாகவே அப்படித்தான்.

போன வாரம்தான் டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார். அப்பாவுக்குப் புற்றாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று.

அப்பா முத்துராமனுக்கு அறுபத்தேழு வயது. கப்பல் பட்டறைகளில் சாரம் கட்டிக் கட்டியே முறுக்கேறிய உடம்பு. பக்கவாதம் அந்த உடம்பின் வலது பாதியையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து வைத்து, செங்காங் பக்கம் இருக்கும் இந்த மறுவாழ்வுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். வந்த புதிதில் நடைப் பயிற்சிக்கான இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே எழுந்து நின்றார். அண்ணன் ரஞ்சன் மெல்பர்னிலிருந்து வீடியோவில் பார்த்துக் கைதட்டினான். அதன் பிறகு எடை இறங்கத் தொடங்கியது. தட்டு மட்டும் மூன்று வேளையும் துடைத்து வைத்த மாதிரி காலியாகத் திரும்பிப் போனது. வார்டுத் தாதிகள் சாப்பாட்டு அட்டையில் 'முழுவதும்' என்று குறித்தார்கள்.

சாப்பிடுகிற மனிதன் இளைத்தால் உள்ளே ஏதோ தின்கிறது என்றுதான் அர்த்தம். டாக்டரும் அப்படித்தான் நினைத்தார்.

லிஃப்ட் வாசலில் ஷபானா நின்றிருந்தாள். இந்தப் பிரிவின் உணவியல் நிபுணர். நோயாளிக்கு எவ்வளவு சாப்பாடு, எவ்வளவு புரதம், எந்தப் பதத்தில் என்று முடிவு செய்கிறவள். வெள்ளை முக்காடு, சட்டைப் பையில் எப்போதும் சுருட்டி வைத்த ஓர் அளவு நாடா. பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல சங்கீதா. ரத்தமும் சுத்தம்."

சங்கீதா சுவரில் சாய்ந்துகொண்டாள். இடுப்பு வலி ஒரு கணம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள் ஷபானா.

படுக்கையருகே போய் அவள் போர்வையை விலக்கினாள். அப்பாவின் இடது கெண்டைக்காலில் நாடாவைச் சுற்றினாள். அது நல்ல கால். பக்கவாதம் தொடாத கால். நாற்பது வருஷம் கம்பி மேல் ஏறி இறங்கிய அந்தக் காலில் சதை, காற்றுப் போன பை மாதிரி தொங்கியது. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷபானா தாழ்ந்த குரலில் விளக்கினாள். போகிறது கொழுப்பில்லை, தசை. வெளியிலிருந்து போதுமான சாப்பாடு வராவிட்டால் உடம்பு தன்னையே எடுத்துத் தின்னும். தினமும் இரண்டு வேளை பயிற்சி செய்கிறவருக்கு என்று கணக்குப் போட்டுத்தான் அவள் சாப்பாடு கொடுத்திருக்கிறாள். கஞ்சியில் புரதப் பொடி, காய்கறியில் எண்ணெய், நடுவில் கெட்டியாக்கிய சத்துப் பால். அந்தக் கணக்குப்படி இவர் எடை ஏற வேண்டும். நாளைக்குக் கூட்டம். பயிற்சி தரும் பிசியோ, டாக்டர், தாதி, எல்லாரும் உட்காரப் போகிறார்கள். கம்பியைப் பிடித்தும் முழங்கால் மடங்குகிறது என்று பிசியோ எழுதிவிட்டார். தேறாத நோயாளியை இந்தப் பிரிவில் வைத்திருக்க மாட்டார்கள். படுக்கை வேறொருவருக்குப் போகும். அப்பா, முடங்கியவர்களைப் பராமரிக்கும் தாதிமை இல்லத்துக்குப் போவார். அங்கே பயிற்சி என்பது பெயருக்குத்தான்.

"இன்னிக்கு மதியம் நான் பக்கத்துல உட்காரப் போறேன். சாப்பாடு வாய்க்குள்ள போறத என் கண்ணால பாக்கணும்."

அப்போதுதான் அம்மா கழுவிய கப்போடு வந்தார். சாமுண்டீஸ்வரி. காலையில் முதல் பஸ்ஸில் கேலாங்கிலிருந்து வருவார், விளக்கு அணைக்கும்போது போவார். எப்படி ஊட்டுவது என்று தாதிகள் சொல்லிக்கொடுத்த பிறகு, மூன்று வேளையும் அவர்தான் ஊட்டினார். வார்டில் கை போதாத தாதிகளுக்கு அது பெரிய உதவி. எதிர்ப்படுக்கைச் சீனத் தாத்தாவின் மகள்கூட, ஆன்ட்டி மாதிரி ஒருத்தி எங்கப்பாவுக்கும் கிடைப்பாளா என்று கேட்டிருக்கிறாள்.

ஷபானா மதியம் உட்காரப் போவதைச் சொன்னதும் அம்மா கப்பைத் துடைத்தார். துடைத்த கப்பையே மறுபடி துடைத்தார்.

"எதுக்கும்மா, உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். அவரு எல்லாம் சாப்புட்டுடறாரு."

அம்மாவின் ரவிக்கை இறுகிப்போய், கடைசிக் கொக்கி பூட்டப்படாமல், ஊசி குத்தியிருந்ததைச் சங்கீதா கவனித்தாள். போன வாரமும் கவனித்திருந்தாள். கவலையிலும் அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்கிறார் என்று அப்போது நிம்மதிப்பட்டாள்.

* * *

தட்டில் மூன்று குவியல். வெள்ளையாய்க் கஞ்சி, ஆரஞ்சாய்க் கேரட், சாம்பலாய்க் கோழி. எல்லாம் மாவாக அரைத்தது. முழுங்கும் தசை பழுதானவருக்குக் கட்டியாகக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

அம்மா கட்டிலின் தலையை நிமிர்த்தினார். அப்பாவின் முகவாயைச் சற்றே கீழே சாய்த்தார். அரைக் கரண்டி. முழுங்கும்வரை காத்திருத்தல். தொண்டை மேலே போய் இறங்கியதும் அடுத்த அரைக் கரண்டி. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஷபானா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சங்கீதா கால்மாட்டில் நின்றாள்.

திடீரென்று அப்பா இடது கையை நீட்டிக் கரண்டியை வாங்கினார். கரண்டியின் ஓரத்தால் கஞ்சியின் நடுவே ஒரு கோடு இழுத்தார். கேரட்டின் நடுவே ஒன்று. கோழியின் நடுவே ஒன்று. கரண்டியை வைத்தார். வாயை மூடிக்கொண்டார். தட்டை அம்மாவின் பக்கம் தள்ளினார்.

அந்தக் கோடு சங்கீதாவுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்த கோடு. அப்பா சோற்றில் விரலால் கோடு போட்டுப் பாதியைத்தான் சாப்பிடுவார். மீதியோடு தட்டை அம்மாவிடம் தள்ளிவிட்டு, அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். எல்லார் வீட்டு அப்பாக்களும் அப்படித்தான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தாள். ரேஸ்கோர்ஸ் ரோடு கடையில் வாழையிலை போட்டாலும் இதே கதைதான். பட்டறை நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். முத்து, எல்லை போட்டாச்சா, இனிமே அந்தப் பக்கம் மலேசியாவா என்று. அப்பா சிரிப்பார். கோட்டை மட்டும் அழிக்க மாட்டார்.

அம்மா தட்டைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷபானா கரண்டியை எடுத்து ஒரு வாய் நீட்டினாள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். காத்திருந்தார். பிறகு தட்டின் விளிம்பில் இடது கையால் ஓங்கி அடித்தார். கேரட் போர்வை மேல் தெறித்தது. அவர் கண் அம்மாவின் முகத்தை விட்டு நகரவில்லை.

அம்மாவின் கை தானாகக் கரண்டியை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது.

"எத்தனை நாளா ஆன்ட்டி?" என்று கேட்டாள் ஷபானா.

அம்மா ரவிக்கை ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

* * *

தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்மா எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை. சமையல் குறிப்புச் சொல்வது போல ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னார்.

வந்த புதிதில் தாதிதான் ஊட்டினாள். அவளிடம் அப்பா மிச்சமில்லாமல் சாப்பிட்டார். பொறுப்பு அம்மாவின் கைக்கு வந்த அன்றே கோடு வந்துவிட்டது. அப்பா வைத்த பாதியை அம்மா சாப்பிடாவிட்டால் அவர் அடுத்த வேளைக்கு வாயைத் திறக்க மாட்டார். அதனால் திரையை இழுத்து விட்டு அம்மா சாப்பிட்டார். பாதிதான் இறங்குகிறது என்று சொன்னால் மூக்கில் குழாய் போட்டுவிடுவார்களோ என்ற பயம். எதிர்ப்படுக்கைத் தாத்தாவுக்குப் போட்டிருக்கிறார்கள். பிடுங்காமல் இருக்கக் கைக்கு உறை வேறு. அதைத் தினமும் அம்மா பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறார்.

"படுத்தே கிடக்கறவருக்குப் பாதி போதும்னு நெனச்சேன்மா. வேலைக்கா போறாரு?"

ஷபானா கோபப்படவில்லை. கண்ணை மூடித் திறந்தாள். "வேலைக்குத்தான் போறாரு ஆன்ட்டி. அந்தக் கம்பியப் புடிச்சு நிக்கறது அவருக்கு மூட்டை தூக்கற மாதிரி. நான் பாதிச் சாப்பாட்ட வெச்சுக்கிட்டு முழு வேலை வாங்கியிருக்கேன்."

சங்கீதாவால் அப்படி நிதானமாக இருக்க முடியவில்லை. ஒரு வாரம் புற்று என்ற வார்த்தையோடு தூங்காமல் இருந்தவள். ஸ்கேன் மேஜையில் அப்பா குளிரில் உதறியது கண்ணுக்குள் நின்றது.

"அப்பாவோட காலத் தின்னுட்டீங்கம்மா," என்றாள்.

தாழ்வாரத்தில் போன தாதி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அம்மா தலை குனியவில்லை. மகளைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஆமா," என்றார். "இது ரெண்டாவது தடவ."

அதன் பிறகு சொன்னதைச் சங்கீதா இதுவரை கேட்டதில்லை.

கல்யாணமான புதிதில் பட்டறைகளில் ஆள் குறைத்தார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று. ஓரறை வாடகை வீடு. தேக்கா சந்தையில் மூட்டை இறக்கக் கூப்பிட்டால் போவார், கூப்பிடாத நாள் பட்டினி. பானையில் ஒரு ஆளுக்குத்தான் சோறு இருக்கும். நான் சாப்ட்டேன், நீங்க சாப்புடுங்க என்று அம்மா சொல்வார். சமையலறையில் காலிப் பானையைக் கரண்டியால் சுரண்டிச் சத்தம் எழுப்புவார். தட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவி வைப்பார். மூட்டை தூக்கி வந்த பசியில் அப்பா அதை நம்பிவிட்டார். ஒருநாள் மாடிப்படியில் அம்மா மயங்கி விழுந்தார். ஐந்து மாதம் வயிற்றில். அது தங்கவில்லை.

பெண் டாக்டர் ஒருத்தி, இவ என்ன சாப்பிடறா, என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். அப்பா அன்று வீட்டுக்கு வந்ததும் தட்டில் கோடு போட்டார். கண்ணெதிரே நீ சாப்பிடு, உன் வாயை நான் நம்ப மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு அம்மா இருக்கும் இடத்தில் அவர் ஒரு முழுத் தட்டு சாப்பிட்டதே இல்லை.

"ரஞ்சனுக்கு முன்னாடியா?" என்று கேட்டாள் சங்கீதா.

"ரஞ்சனுக்கு முன்னாடி."

"ஆணா, பொண்ணா?"

அம்மா எழுந்தார். போர்வையில் கேரட் காய்ந்துவிடும், துடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

* * *

ஷபானாவிடம் ஒரு யோசனை இருந்தது. டாக்டரிடம் போனில் பேசி, ராச்சாப்பாடு வரை அவகாசம் வாங்கினாள். ஆன்ட்டிக்கு என்று தனித் தட்டு வைப்போம், அவர் முன்னாடி ஆன்ட்டி வயிறாரச் சாப்பிடட்டும், தன் பாதி தேவையில்லை என்று அங்கிளுக்குப் புரிந்தால் அவரே முழுவதும் சாப்பிடலாம் என்றாள். சாப்பிட்டால் நாளைக் கூட்டத்தில் காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது என்று சொல்லி இன்னும் இரண்டு வாரம் கேட்பாள். சாப்பிடாவிட்டால் இன்றைக்கே மூக்குக் குழாய்.

"அவரும் சாப்புடாம, குழாயும் இல்லாம நாளைக்கு நான் போய் நின்னா யாரும் கேக்க மாட்டாங்க. சாப்பாடு உள்ள போகும்னு காட்ட எனக்கு ஏதாவது ஒண்ணு வேணும் லா."

சங்கீதா தூங்கப் போகவில்லை. எம்ஆர்டி ரயில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கினாள். மீனும் காய்கறியும் விற்கும் தேக்கா ஈரச்சந்தைக்குப் பக்கத்தில், அப்பா வழக்கமாக வாங்கும் கடையில் மீன்குழம்புச் சாப்பாடு ஒன்று கட்டச் சொன்னாள். கடைக்காரர், அப்பா எப்படி, நடக்கறாரா என்று கேட்டார். நடப்பாரு என்றாள். வரிசையில் முன்னால் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இடுப்பு வலித்தது. பொட்டலத்தின் சூடு வயிற்றில் பட்டபோது தனக்கும் பசிப்பது தெரிந்தது. அம்மா சாப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

வெளிச்சம் போவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் ராச்சாப்பாடு வந்துவிடும். மேஜையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் மூன்று குவியல். ஒன்றில் சோறு, மீன்குழம்பு, முட்டைகோஸ். அப்பாவின் கண் முதலில் மீனில் விழுந்தது, பிறகு அம்மாவிடம் போனது.

"எனக்குத் தனியா வாங்கியாச்சுங்க," என்றார் அம்மா. "முழுச் சாப்பாடு. பாருங்க. இன்னிக்கு நீங்க எனக்கு வெக்க வேணாம்."

சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டார். மென்றார். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். சங்கீதா ஊட்டிய கஞ்சியை முழுங்கினார். இன்னொரு வாய், இன்னொரு வாய். கோடு போடும் இடம் வந்தது. அவர் கரண்டியைக் கேட்கவில்லை. ஷபானா சங்கீதாவைப் பார்த்தாள். சங்கீதா மூச்சை விடாமல் அடுத்த கரண்டியை நீட்டினாள். கோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கஞ்சி முதல் தடவையாக அவர் தொண்டைக்குள் இறங்கியது.

அம்மாவால்தான் முடியவில்லை.

இரண்டாவது கவளம் வாயிலேயே நின்றது. இத்தனை வருஷமும் கணவர் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டுப் பழகிய வாய். அவருக்குச் சமமாக, அவரோடு சேர்ந்து, அவர் காலைத் தின்ற அதே வாயால் எப்படிச் சாப்பிடுவது? அம்மா முந்தானையை உதட்டுக்குக் கொண்டுபோனார். துடைப்பது போல ஒற்றினார். முந்தானையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சோற்றைத் தட்டின் ஒரு பக்கம் ஒதுக்கினார். மீனைப் புரட்டிச் சோற்றுக்கு அடியில் தள்ளினார். தட்டு சாப்பிட்ட தட்டு மாதிரி ஆயிற்று. விரல்கள் தட்டில் சுரண்டிச் சத்தம் எழுப்பின.

சங்கீதா அதைக் கவனிக்கவில்லை. ஷபானாவும் கவனிக்கவில்லை. அப்பா கவனித்தார்.

அவர் முகத்தில் பாதிதான் அசையும். அந்தப் பாதி சுருங்கியது. இடது கையை நீட்டி, அம்மாவின் மடியிலிருந்த முந்தானையைப் பிடித்து இழுத்தார். மடிப்புக்குள் இருந்த மென்ற சோறு தரையில் விழுந்தது.

அப்பா வாயை மூடிக்கொண்டார். தன் தட்டை, அம்மாவின் பக்கம் தள்ள முடிந்த தூரம் தள்ளினார். அதன் பிறகு யார் கெஞ்சியும் திறக்கவில்லை. முகவாயைத் தடவிப் பார்த்தார்கள். தேன் தொட்டு வைத்துப் பார்த்தார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா அவர் கையைத் தட்டிவிட்டு, விரலால் தட்டைக் காட்டினார்.

* * *

குழாய்க்குச் சம்மதம் சொன்னது சங்கீதாதான். தாதி அதை மூக்கில் நுழைத்தபோது அப்பா இடது கையால் பிடுங்கப் பார்த்தார். ஒருத்தி கையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி வெள்ளை உறையை மாட்டி மணிக்கட்டில் பட்டையை இறுக்கினாள். குத்துச்சண்டைக்காரன் உறை மாதிரி குண்டாக இருந்தது. விரல் எதுவும் வெளியே தெரியவில்லை. இனிமேல் அந்தக் கையால் கரண்டி பிடிக்க முடியாது. கோடும் போட முடியாது.

மேலே தொங்கிய பையிலிருந்து சத்துப் பால் சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஷபானா வேகத்தைச் சரிபார்த்தாள். நாளைக்குப் பேசுகிறேன், என்ன சொல்வார்களோ தெரியாது என்றாள். போகும்போது அம்மாவின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள்.

சங்கீதா அம்மாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வேலைக்குக் கிளம்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

"அவனுக்குப் பேரு வெச்சிருந்தீங்களா?"

அவன் என்று எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மா திருத்தவில்லை.

தள்ளுமேஜையில் மீன்குழம்புச் சோறு அப்படியே ஆறிக் கிடந்தது. அப்பா கண்ணைத் திறந்தார். குழாயைத் தொடவில்லை. உறை மாட்டிய கையைத் தூக்கி மேஜை விளிம்பில் வைத்தார். உறை வழுக்கியது. மறுபடி வைத்தார். பலம் முழுவதையும் கொடுத்து மேஜையை அம்மாவின் பக்கம் உருட்டினார். சக்கரம் கிறீச்சிட்டு அம்மாவின் முழங்காலில் வந்து முட்டி நின்றது.

அம்மா மீனை வெளியே எடுத்தார். முள்ளைப் பிரித்தார். ஒரு கவளம் உருட்டினார். உருட்டியதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா காத்திருந்தார்.

கணவர் வைத்த பாதிகளையெல்லாம் சாமுண்டீஸ்வரி சாப்பிட்டு முடித்தாயிற்று. அவர் கண்ணெதிரே, சுரண்டலும் முந்தானையும் இல்லாமல், ஒரு முழுத் தட்டைச் சாப்பிட்டுக் காட்டியதில்லை. அது ஒன்று அவருக்கு இன்னும் பாக்கி.